பாஸானான், பாஸ் பண்ணினான், பாஸ் போட்டார்கள்: கொல்லங்கோட்டிலிருந்து ஓர் ஆங்கில வினையின் வரலாறு

‘பாஸ்’ என்பது ஆங்கிலத்தில் வினைச்சொல். தமிழர் நாவில் அது தனித்து வினையாக நின்றதே இல்லை. “பையன் பாஸாயிட்டான்”, “பில் இன்னும் பாஸாகலை”, “பொள்ளாச்சி வண்டி பாஸாயிடுச்சு”, “இந்தச் செய்திய அவங்களுக்கும் பாஸ் பண்ணிடு”, “ராத்திரி யூரின் பாஸ் பண்ணினாரா?” பள்ளிக்கூடம், கருவூலம், ரயில்வே கேட், வீட்டுத் திண்ணை, மருத்துவமனை என ஐந்து இடங்களில் ஐந்து பொருள்கள். ஐந்திலும் காலத்தையும் எண்ணையும் பாலையும் சுமப்பது ‘ஆகு’ அல்லது ‘பண்ணு’ என்ற தமிழ்வினை. ‘பாஸினான்’ என்றோ ‘பாஸித்தான்’ என்றோ எந்தத் தமிழரும் சொல்வதில்லை.

இத்தகைய தொடர்களைத் ‘தமிங்கிலம்’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஒதுக்குவோர் ஆங்கிலச் சொல்லையே பார்க்கிறார்கள். அதன் பின்னால் வரும் தமிழ் வினையைப் பார்ப்பதில்லை. ஒரு காரியத்தைச் செய்தவர் யார், அது யாருக்கு நேர்ந்தது, யார் அதை அளித்தார் என்ற தீர்ப்பு முழுவதும் அந்தத் துணைவினையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இதைக் கொல்லங்கோட்டை வைத்து எழுத விரும்புகிறேன். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. ஒரே ஆங்கிலச் சொல் இரு மொழிகளில் என்னவாகிறது என்பதை அங்கே அருகருகே வைத்துக் காணலாம்.

முதலில் ஊரைப் பற்றி. பாலக்காட்டுக் கணவாயின் தென்புறத்தில், நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது கொல்லங்கோடு. வேங்ஙநாட்டு அரச குடும்பத்தின் இருப்பிடம். 1766இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டிய காலத்தில் இப்பகுதி மைசூரின் ஆளுகைக்குள் வந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மலபார் கம்பெனியிடம் சென்றது. 1800இல் பம்பாய் மாகாணத்திலிருந்து சென்னை மாகாணத்துக்கு மாற்றப்பட்டது. அடுத்திருந்த சித்தூரோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்துள் அடங்கின. இன்று கொல்லங்கோடு சித்தூர் தாலுகாவின் ஒரு பகுதி. கிழக்கே முதலமடையைக் கடந்து கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. 1932இல் போடப்பட்ட பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையில் இது ஒரு நிலையம். அக்கிரகாரத்தார், இராவுத்தர், கவுண்டர், உழவுத் தொழிலாளர் எனப் பல வகைத் தமிழ் இங்கே தலைமுறைகளாகப் பேசப்படுகிறது. (ஆங்கிலேயர் இந்த நிலவழிக்கு இட்டு நிலைத்த பெயர் ‘பாஸ்’ அன்று, ‘கேப்’. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியை மலைவழி என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். நமக்கு இரண்டும் கணவாய்தான்.)

இனி இலக்கணத்துக்கு வருவோம். ஆங்கில வினை தமிழில் ஏன் தனித்து நிற்பதில்லை என்று கேட்டால் வகுப்பறையில் பெரும்பாலும் கிடைக்கும் விடை இது: தமிழ் வினை திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி ஏற்க வேண்டும், வேற்றுமொழி வினையடி அவ்விகுதிகளை ஏற்காது, ஆகவே ‘பண்ணு’ தேவைப்படுகிறது. கேட்பதற்குப் பொருத்தமான விடை. ஆனால் கொல்லங்கோட்டில் ஒருநாள் காதைத் திறந்து வைத்திருந்தால் இது போதாது என்பது விளங்கிவிடும். மலையாள வினைக்கு அவ்விகுதிகளே கிடையாது. ஞான் பாஸாயி, அவன் பாஸாயி, அவள் பாஸாயி, அவர் பாஸாயி, எல்லாம் ஒன்றே. விகுதிச் சுமை இல்லாத மலையாளமும் ‘பாஸ்’ என்ற சொல்லைத் தனியே வினையாக்கவில்லை. ‘ஆயி’, ‘ஆக்கி’, ‘செய்து’ என்று தன் வினையொன்றைச் சேர்த்தே வழங்குகிறது. எனவே காரணம் விகுதியில் இல்லை.

வேற்றுமொழிச் சொல்லை நேரடியாக வினையாக்கும் வழி தமிழுக்குத் தெரியாததும் அன்று. சிந்தித்தான், யோசித்தான், பூசித்தான், தியானித்தான் என்று வடசொல்லின் அடியில் இகரம் சேர்த்து வினையாக்கினோம். அதே சமயம் ‘தியானம் பண்ணினான்’ என்ற இரண்டாம் வழியும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வைணவ வியாக்கியானங்களின் மணிப்பிரவாள உரைநடையைப் புரட்டுவோர்க்கு இந்த இரண்டாம் வழி எவ்வளவு பெருகியிருந்தது என்பது தெரியும். உபதேசம் பண்ணி, சரணாகதி பண்ணி என்று வடமொழிப் பெயரை முன்னிறுத்திப் ‘பண்ணு’ என்பதைப் பின்னிறுத்தும் நடை அங்கே முதிர்ந்துவிட்டது.

அடுத்து வந்தது இந்துஸ்தானி. வருவாய்த்துறையும் நீதிமன்றமும் கொண்டுவந்த சொற்கள்: வசூல், ஜப்தி, ரத்து, தாக்கல், அமல், பைசல். இவற்றுள் ஒன்றுகூட இகரம் ஏற்று வினையாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வசூலித்தான் என்ற ஒரு சொல்லை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். அது ஒன்றே தப்பிப் பிழைத்தது எனலாம். மற்றவை அனைத்தும் ‘செய்’ என்பதன் கைப்பிடியிலேயே நின்றுவிட்டன: ஜப்தி செய்தார்கள், ரத்து செய்தார்கள், தாக்கல் செய்தார்கள். மலையாளத்திலும் ஜப்தி செய்து, ரத்தாக்கி என்பவையே வழக்கு. மைசூர் ஆட்சியும் பின்னர்க் கம்பெனி ஆட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பாலக்காட்டுப் பகுதியில் இந்த அலுவலகச் சொற்கள் இரு மொழியாரும் ஒருசேரக் கேட்டவை.

ஆங்கிலம் வந்தபோது, ஆகவே, இடம் தயாராக இருந்தது. அப்பீல் செய்தான், ரிஜிஸ்தர் பண்ணினான், பாஸ் பண்ணினான் என்பவை புதிய அமைப்புகள் அல்ல; பழைய பொந்தில் குடியேறிய புதிய பறவைகள். ‘வேத அத்யயனம் பண்ணினார்’ என்று பாட்டனாரைப் பற்றிச் சொன்ன அக்கிரகாரமே ‘பி.ஏ. பாஸ் பண்ணினார்’ என்று பேரனைப் பற்றிச் சொன்னது. வாக்கியத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. வாழ்க்கைதான் மாறிற்று.

அந்த வாழ்க்கை மாற்றத்தின் ஆண்டுகள் நமக்குத் தெரிந்தவையே. 1855இல் இலண்டனில் சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு வந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் யாழ்ப்பாணத்தாரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. பாலக்காட்டில் 1866இல் தொடங்கிய பள்ளி 1888இல் கல்லூரியாயிற்று. இன்றைய அரசு விக்டோரியா கல்லூரி அதுவே. கொல்லங்கோட்டிலிருந்தும் கல்பாத்தியிலிருந்தும் சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் அதிகாரிகளாகவும் புறப்பட்ட தலைமுறைகள் கையில் கொண்டுசென்றது நிலம் அன்று, ஒரு பாஸ். 1929இல் சென்னை மாகாணம் தன் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கத் தனி ஆணையம் அமைத்த பிறகு அந்தச் சொல்லின் எடை இன்னும் கூடியது.

தேர்வுக்கு முந்தைய உலகில் இச்சொல்லுக்கு நிகரான ஒன்று தமிழில் இருந்ததா? திண்ணைப் பள்ளியிலும் மடத்திலும் மாணவன் ‘பாடம் கேட்டான்’. கேட்டு முடித்தானா இல்லையா என்பதை ஆசிரியர் அறிவார், ஊர் அறியும், சான்றிதழ் அறியாது. உ. வே. சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். பல்கலைக்கழகத் தேர்வு எதையும் எழுதியவர் அல்லர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவர்முன் உட்கார்ந்திருந்தவர்களோ பாஸ் ஆக வேண்டிய மாணவர்கள். ‘கேட்டல்’ என்ற வினை நடத்திய கல்வியும் ‘பாஸ்’ என்ற வினை நடத்திய கல்வியும் ஒரே அறையில் ஒரு மேசைக்கு இருபுறமும் அமர்ந்திருந்த காட்சி அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இப்புதுப் பொருளுக்குத் ‘தேறு’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. நல்ல சொல். தெளிதல், நோய் நீங்குதல், துயர் ஆறுதல் என்ற பொருள்களோடு ‘பரீட்சையில் தேறினான்’ என்பதும் சேர்ந்தது. ஆனால் இதில் ஒரு குறை இருப்பதை இலக்கண நூலார் அவ்வளவாகக் குறிப்பிடுவதில்லை. தேறு என்பதன் பிறவினை தேற்று. ‘ஆசிரியர் மாணவனைத் தேற்றினார்’ என்றால் ஆறுதல் சொன்னார் என்றுதான் பொருள். மதிப்பெண் போட்டு மேல் வகுப்புக்கு அனுப்பினார் என்ற பொருள் வராது. தேர்வில் மாணவனின் செயலைச் சொல்லத் தமிழில் சொல் உண்டு; தேர்வாளரின் செயலைச் சொல்ல அச்சொல்லிலிருந்து வழியில்லை. அந்த இடைவெளியில்தான் ‘பாஸ் போட்டார்’ நுழைந்தது. நூறாண்டுகளாகத் தூயதமிழ் இயக்கத்தின் தாக்கம் இருந்தும் ‘தேறு’ பேச்சுவழக்கில் ‘பாஸ்’ என்பதை வெல்லாததற்கு ஆங்கில மோகம் ஒன்றே காரணம் என்று நான் எண்ணவில்லை. ‘தேறு’ அரைக் கதையை மட்டும் சொல்லிற்று.

மலையாளம் வேறு வழியில் சென்றது. அங்கே தேர்வு ஒரு போட்டி. ‘ஜயிச்சு’ என்றால் பாஸானான். ‘தோற்று’ என்றால் ஃபெயிலானான். ஜயிப்பிச்சு, தோல்பிச்சு என்று பிறவினைகளும் முறையாக உண்டு. ஆசிரியர் செயலும் மாணவர் செயலும் இரண்டும் சொல்லப்படுகின்றன. கொல்லங்கோட்டுத் தமிழ்ப்பிள்ளை வீட்டில் ‘பாஸாயாச்சு’ என்று சொல்லி, பள்ளி முற்றத்தில் ‘ஜயிச்சு’ என்று சொல்கிறது. இங்கே ஈழத்துத் தமிழையும் நினைக்க வேண்டும். அங்கே ‘பரீட்சைக்குத் தோற்றுதல்’ என்றால் தேர்வு எழுதுதல்; தேறுதலுக்குச் ‘சித்தியடைதல்’ என்பது வழக்கு. யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் தாம் பரீட்சைக்குத் தோற்றியதாகச் சொன்னால் பாலக்காட்டுச் செவிக்கு அது தோல்வியாக ஒலிக்கக்கூடும்!

தமிழ்நாட்டுத் தமிழிலும் இத்தகைய விபரீதம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்ற வினை தேர்வில் வெல்வதையும் குறிக்கும், உயிர் நீங்குவதையும் குறிக்கும். நாம் சாவுக்கு அச்சொல்லைக் கடன் வாங்கவில்லை. நம்மிடம் ‘தவறிவிட்டார்’ இருந்தது. அந்தத் ‘தவறு’ தேர்வில் தோற்பதையும் குறிக்கும். சாவையும் தேர்வையும் ஒரே சொல்லில் இணைக்கும் பழக்கம் இரு மொழிக்கும் பொது. ஆங்கிலேயருக்கு இறப்பவர் தேறுகிறார், நமக்குத் தவறுகிறார்.

சட்டமன்றத்துப் ‘பாஸ்’ தனி வரலாறு உடையது. முற்காலத் தமிழ் இதழ்களில் மசோதா ‘பாஸாவது’ இயல்பான வழக்கு. 1916ஐ ஒட்டி எழுந்த தனித்தமிழ் இயக்கமும் பின்வந்த கலைச்சொல் முயற்சிகளும் அவ்வழக்கை மெல்ல மாற்றின. ‘நிறைவேறியது’, ‘நிறைவேற்றினார்கள்’ என்ற இணை நிலைபெற்றது. தன்வினையும் பிறவினையும் முறையாக அமைந்த இணையாதலால் அது வென்றது என்று கருதலாம். தேறு–தேற்று இணைக்கு வாய்க்காதது நிறைவேறு–நிறைவேற்று இணைக்கு வாய்த்தது. மலையாள நாளிதழ்கள் இன்றும் செம்மையான எழுத்து நடையிலேயே ‘பில் பாஸாக்கி’ என்று அச்சிடுகின்றன. அங்கே அதில் கொச்சைத்தன்மை ஏதும் ஒட்டவில்லை. திருவனந்தபுரத்துச் சட்டமன்றச் செய்தி ஒன்றை மலையாளத் தாளிலும் தமிழ்த் தாளிலும் அடுத்தடுத்துப் படிக்கும் எல்லையூர் வாசகர் இந்த வேறுபாட்டை நாள்தோறும் காண்கிறார்.

இவ்விடத்தில் ஒரு நாட்கணக்கு முக்கியமாகிறது. கொல்லங்கோடு சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்தது 1956 நவம்பர் 1. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைச் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றியது அதே ஆண்டு டிசம்பரில். இடைவெளி இரண்டு மாதத்துக்கும் குறைவு. அச்சட்டத்துக்குப் பின் ஆட்சிச்சொல் அகராதிகளும், கோப்புத் தமிழும், ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’, ‘தேர்ச்சி பெற்றார்’ போன்ற தொடர்களும் சென்னையில் உருவாயின. கொல்லங்கோட்டு வட்டார அலுவலகம் அந்தத் தமிழைப் பெறவில்லை. பெற வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. தேவிகுளம், பீர்மேடு தமிழர்க்கும் இதே நிலைதான். அவர்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து வந்தவர்கள் ஆதலால் சென்னையின் ஆட்சித்தமிழுக்கு என்றுமே அருகில் இருந்ததில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தம் மொழியில் அரசுக்கு எழுதலாம், தம் மொழியிலேயே விடை பெறலாம் என்று உரிமை அளித்தது. உரிமை உண்டு, ஆனால் அவ்விடையை எழுதுவதற்கான அலுவலகத் தமிழ் எல்லைக்கு அப்பால் அல்லவா வளர்ந்துகொண்டிருந்தது! இப்பகுதித் தமிழர் பேச்சில் ‘பில் பாஸாகலை’, ‘லோன் பாஸாச்சு’ என்பவை வலுவாக வேரூன்றி நிற்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது என் முதன்மையான கருத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் தேர்வில் வென்றவரும் தோற்றவரும் ஒரே வாக்கிய அமைப்பில் பேசுகிறார்கள். எழுவாய் அவர்தாம், வினை அவர் செய்தது. தமிழில் அப்படி இல்லை. ‘நான் பாஸ் பண்ணினேன்’ என்பது இயல்பு. ‘நான் ஃபெயில் பண்ணினேன்’ என்று தன்னைப் பற்றிச் சொல்பவரைக் காண்பது அரிது. ‘ஃபெயிலாயிட்டேன்’ என்பார், அல்லது ‘ஃபெயில் பண்ணிட்டாங்க’ என்பார். வெற்றிக்குப் ‘பண்ணு’ கிடைக்கிறது. தோல்விக்கு ‘ஆகு’ கிடைக்கிறது. ‘பண்ணு’ தோல்வியோடு சேர்ந்தால் உடனே எழுவாய் மாறிவிடுகிறது, பண்ணியவர் தேர்வாளர் ஆகிறார். வென்றது என் செயல், தோற்றது எனக்கு நேர்ந்தது அல்லது எனக்கு இழைக்கப்பட்டது. எந்த இலக்கண ஆசிரியரும் இதைக் கற்பிக்கவில்லை; எட்டு வயதுக் குழந்தைக்கும் இது தெரியும்.

பாஸ் என்ற சொல்லோடு மட்டும் மூன்று படிகள் உண்டு. ‘பாஸ் பண்ணினான்’ என்பதில் உழைப்பு மாணவனுடையது. ‘பாஸானான்’ என்பதில் முடிவு மட்டும் சொல்லப்படுகிறது. உழைத்தானா, தப்பித்தானா என்பது திறந்திருக்கிறது. ‘பாஸ் போட்டார்கள்’ என்பதில் மாணவன் செயப்பாட்டுக்கு உரியவன். மேலிருந்து யாரோ இட்டது அது. பிச்சை போடு, சோறு போடு, கையெழுத்துப் போடு என்ற வரிசையில் வரும் ‘போடு’ இது. அதில் கருணையும் உண்டு, மெல்லிய இழிவும் உண்டு.

அந்த இழிவு எவ்வளவு கூர்மையானது என்பது 2020இல் தெரிந்தது. கொள்ளைநோயால் மார்ச் மாதம் தேர்வுகள் தடைப்பட்டன. கேரளம் எஞ்சிய எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுகளை மே 26 முதல் நடத்தி முடித்தது. தமிழ்நாடு ஜூன் 15இல் நடத்துவதாக இருந்த பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூன் 9 அன்று ரத்து செய்து, 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் கணக்கிடப்பட்டன. எல்லைப்பகுதியில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இருபுறமும் படிப்பது உண்டு. கொல்லங்கோட்டுப் பிள்ளை ‘பாஸ் பண்ணிற்று’. பொள்ளாச்சிப் பிள்ளைக்கு ‘ஆல் பாஸ் போட்டாங்க’. இருவரும் ஒரே ஆண்டு ஒரே அச்சத்தில் இருந்தவர்கள். அந்த ஆண்டு மாணவரைக் ‘கொரோனா பேட்ச்’ என்று கேலி செய்தவர்கள் பலர். தேர்வை ரத்து செய்யுமாறு அம்மாணவர் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். அவர்கள் எழுதத் தயாராக இருந்தார்களா என்பதை யாரும் சோதிக்கவில்லை. ஆயினும் அவர்களுக்குப் ‘பண்ணு’ மறுக்கப்பட்டது. ஆகஸ்டு மாதம் கல்லூரி அரியர் மாணவர்க்கு வந்த அறிவிப்பும் அதற்கு நன்றி கூறி ஒட்டப்பட்ட சுவரொட்டிகளும் பின்னர் உயர் நீதிமன்றம்வரை சென்ற வழக்கும் தனிக்கதை. அங்கே ‘போடு’ என்பதன் இழிவை விரும்பியே ஏற்றுக்கொண்டு கொண்டாடினார்கள்.

அதே மே மாதத்தில் இச்சொல்லின் இன்னொரு வடிவம் எல்லையை ஆண்டது. வெளிமாநிலத்திலிருந்து கேரளத்துக்குத் திரும்புவோர் இணையவழிப் பாஸ் பெற்று, குறித்த ஆறு நுழைவாயில்களில் ஒன்றின் வழியே வர வேண்டும். இஞ்சிவிளை, ஆரியங்காவு, குமுளி, வாளையாறு, முத்தங்ஙா, மஞ்சேசுவரம். கோவிந்தாபுரம் அப்பட்டியலில் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்கு வர வாளையாற்றுக்குச் சுற்ற வேண்டியிருந்தது. அங்கே மே இரண்டாம் வாரத்தில் பாஸ் இல்லாமல் வந்தோர் வெயிலில் சிக்கி நின்றது நாடறிந்த செய்தி. அப்போது புழங்கிய வாக்கியங்களைக் கவனியுங்கள்: “பாஸ் கிடைச்சுதா?”, “பாஸ் வந்துடுச்சா?”, “பாஸ் கேன்சலாயிடுச்சு”. கிடைத்தல், வருதல், ஆதல். ஒன்றிலாவது பேசுபவர் தம் விருப்பத்தால் செய்யும் வினை இல்லை. நூறாண்டுகளாகத் தடையின்றிச் சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் சென்றுவந்த சாலையில் ஒரு பெயர்ச்சொல் வந்து நின்றதும், பேச்சிலிருந்து ‘பண்ணு’ விலகிவிட்டது.

கேரளக் கல்வித்துறை இதற்கெல்லாம் முன்பே இச்சொல்லைக் கைவிட்டிருந்தது என்பது வேடிக்கையான செய்தி. 2005இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் மதிப்பெண்ணுக்குப் பதில் தரநிலை முறை வந்தபோது, சான்றிதழில் பாஸ், ஃபெயில் என்ற இணை மறைந்து, ‘உயர்கல்விக்குத் தகுதியுடையவர்’, ‘தகுதியற்றவர்’ என்ற பொருள்பட எழுதும் முறை வந்தது. தோற்றவர் என்ற முத்திரை குழந்தைமேல் விழக்கூடாது என்ற நல்ல எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அரசு சொல்லை நீக்கியது, மக்கள் நீக்கவில்லை. முடிவு வெளியாகும் நாளில் கொல்லங்கோட்டில் யாரும் ‘உயர்கல்விக்குத் தகுதி பெற்றாயா’ என்று கேட்பதில்லை. ‘பாஸாயாச்சா?’ என்றே கேட்கிறார்கள். அதற்கடுத்த கேள்வி ‘ஃபுல் ஏ பிளஸ்ஸா?’ 2020இல் மொத்தத் தேர்ச்சி 98.82 விழுக்காடு. ஏறத்தாழ அனைவரும் தேறும் தேர்வில் ‘பாஸ்’ என்பதற்கு முன்னிருந்த பெருமை குறைந்து, பெருமை ஏ பிளஸ்ஸுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. பாட்டனார் காலத்துப் பி.ஏ. பாஸின் நிறையை இன்று தாங்குவது வேறொரு தேர்வு: அரசுப்பணித் தேர்வு.

அத்தேர்வில் தமிழருக்கெனச் சில பணியிடங்கள் உண்டு. தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்ற பிரிவில் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் ஆள் எடுக்கிறார்கள். மொழிச் சிறுபான்மையிலிருந்து அரசுப் பணியில் சேர்ந்தவர் மலையாள மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்பதும் விதி. தமிழ்வழியில் படித்து, பத்தாம் வகுப்பு வினாத்தாளைத் தமிழில் பெற்று, தமிழில் விடை எழுதி, பணியும் பெற்ற ஒருவர் முன் நிற்கும் கடைசிச் சாவடி இது. அதைப் பற்றி இப்பகுதித் தமிழ் ஊழியர் வாயில் வழங்கும் வாக்கியம்: “டெஸ்ட் பாஸானாத்தான் புரொபேஷன் டிக்ளேர் ஆகும்.” ஆங்கிலச் சொற்கள் நான்கு, அவற்றுள் வினைகள் இரண்டு. அறிவிப்பவர் ஓர் அதிகாரி. அவரை வாக்கியம் காட்டவில்லை. தேர்வு எழுதுபவர் பேசுபவரே, அவரையும் காட்டவில்லை. இரு வினைக்கும் ஒட்டியிருப்பது ஒரே தமிழ்ச்சொல், ஆகு.